ரொனால்டு நிற்கும் நிறம்

அத்தா மூன்றாவது தடவை ஓடவிட்டபோதும் நிறம் மாற்றுகிற ஸ்க்ரோலர் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது, அதனால் ரொனால்டு திரும்பி வரவில்லை. மேடையில் அவர் முழங்காலிட்டிருந்த பாறை மட்டும் இருந்தது. தெர்மாகோலில் வெட்டிச் சாம்பல் பெயின்ட் அடித்த பாறை. அதன் பின்னால் அவருடைய ரப்பர் செருப்பு ஒழுங்காக ஜோடி சேர்ந்து கிடந்தது. மேலே இரும்புக் குழாயில் தொங்கிய லைட்டு நீலம் கேட்டால் நீலத்தில் நின்றது, சிவப்பு கேட்டால் சிவப்பில் நின்றது. வாங்கிய நாளிலிருந்து அது இவ்வளவு பணிவாக நடந்துகொண்டதில்லை. ரொனால்டின் அம்மா ஜெயமேரி மேடைக்குக் கீழே நின்று, நிறம் மாறும் ஒவ்வொரு முறையும் பாறையைப் பார்த்தார். நான் கன்சோலில் உட்கார்ந்திருந்தேன்.

இது லூர்துபட்டியில் நடந்தது. திண்டுக்கல்லிலிருந்து தாடிக்கொம்பு வழியாகப் போய், அகரம் தாண்டினால் மல்லிகைத் தோட்டங்களுக்கு நடுவில் அந்த ஊர் வரும். ஈஸ்டருக்கு முந்தின இரவு அங்கே பாஸ்கா போடுவார்கள். சேசுவின் பாடுகள் முழுவதும் நாடகமாக, விடிகிற வரை. ரொனால்டுதான் சேசு. மற்ற நாளில் அவர் மினி லாரியில் பூ ஏற்றிக்கொண்டு திண்டுக்கல் மார்க்கெட்டுக்குப் போகிறவர். லைட்டு போடுவது பேகம்பூரிலிருந்து போகிற எங்கள் குடும்பம். அத்தா அப்துல் வாஹித் ஜெனரேட்டரையும் மெயினையும் பார்ப்பார். அண்ணன் நிஹால் ஏணி ஏறி மாட்டுவான், ரிப்பேர் பார்ப்பான். நிறம் மாற்றுகிற கன்சோல் என்னிடம். நிஹாலுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலத்தான் தெரியும், அதனால் எட்டாவது படிக்கும்போதே அது என் கைக்கு வந்துவிட்டது. ரொனால்டு மறைந்தபோது நான் ஒன்பதாவது.

ஸ்க்ரோலர் என்பது லைட்டின் முகத்தில் மாட்டுகிற ஒரு தகரப் பெட்டி. உள்ளே இரண்டு உருளைகள். பல நிற ஜெலட்டின் தாள்களை வரிசையாக ஒட்டி ஒரே நீளச் சுருளாகச் செய்து, ஒரு உருளையிலிருந்து இன்னொன்றுக்குச் சுற்றியிருப்பார்கள். நான் கன்சோலில் ஒரு விசையை ஏற்றி இறக்கினால் மோட்டார் சுற்றி, கேட்ட நிறத்தை லைட்டுக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தும். இப்போது வருகிற எல்இடி லைட்டுகளுக்கு இதெல்லாம் தேவையில்லை. ஆனால் எல்இடி சிவப்பில் சேசுவின் முகம் தக்காளி மாதிரி இருக்கிறது என்று லூர்துபட்டிக்காரர்கள் ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டார்கள். ஆகவே, சென்னையில் ஒரு நாடக மன்றத்தைக் கலைத்தபோது அத்தா எடுத்துவந்த அந்தப் பழைய ஸ்க்ரோலர் வருடம் தவறாமல் அங்கே போகும். போகிற இடமெல்லாம் அதற்கு ஏதாவது ஒரு நோவு வரும். நத்தத்தில் ஒரு கல்யாணத்தில் மணப்பெண் மேல் நீலத்தில் நின்றுகொண்டு நகர மறுத்தது. வீடியோவில் இன்றைக்கும் அந்தப் பெண் நீலமாகத்தான் இருக்கிறார். ஆயக்குடியில் ஒரு ஆண்டு விழாவில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடிக்கொண்டே இருந்தது. பிள்ளைகள் அதுதான் நிகழ்ச்சி என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

அந்த வருடம் எங்கள் நோன்பும் அவர்களுடைய தவக்காலமும் ஒன்றாக வந்தன. ஊரில் பாதிப்பேர் ஒருவேளைச் சாப்பாட்டோடு ஒருசந்தி, நாங்கள் மூன்று பேரும் நோன்பு. மாதா கோயிலில் சுரூபங்களை எல்லாம் ஊதாத் துணியால் மூடியிருந்தார்கள். ஈஸ்டருக்கு முந்தின குருத்தோலை ஞாயிறு கழிந்த மறுநாள் மத்தியானம், உச்சி வெயிலில், சுருளில் சிவப்புத் தாளின் ஓரம் கிழிந்திருந்ததை நிஹால் பார்த்தான். சூடு தாங்குகிற ஒட்டுநாடா பெட்டியில் இருந்தது, ஒட்டுவதற்குச் சிவப்புத் தாள் இல்லை. டவுனுக்குப் போய்வர உடம்பில் தெம்பு இல்லை. கோயிலை ஒட்டிய கொட்டகையில் போன கிறிஸ்துமசுக்குக் கண்ணாடித் தாளில் கட்டிய நட்சத்திரம் ஒன்று பரணில் கிடந்தது. அதன் ஐந்து கையில் ஒன்றை வெட்டி, அந்தத் தாளைக் கிழிசல் மேல் வைத்து ஒட்டிவிட்டான். அவன் கண்ணுக்கு அது சிவப்பு. உண்மையில் அது பச்சை.

பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகை முடிந்ததும் ஒத்திகை. மேடைக்குப் பின்னால் அத்தா காய்ச்சிய நோன்புக் கஞ்சியை எங்களோடு அவர்களும் குடித்தார்கள், சேசுவை முத்தமிட்டுக் காட்டிக்கொடுக்கிற யூதாஸ் வேஷம் கட்டுகிற சூசையைத் தவிர. பரிசுத்த வாரம் முழுவதும் யூதாசுக்கு ஊரில் யாரும் ஒரு வாய் தண்ணீர்கூடத் தரக் கூடாது என்று அங்கே ஒரு வழக்கம். ரொனால்டுக்கு அவர் சொந்தத் தாய்மாமன். ஆனாலும் ஏழு நாளும் கையில் சொந்த பாட்டிலோடு அலைவார். ரொனால்டு கஞ்சிக் கிண்ணத்தை அவர் மூக்குக்கு நேரே நீட்டி, வாசம் மட்டும் புடிச்சுக்க மாமா, அதுக்குச் சட்டம் இல்ல என்றார். பிறகு போய்ப் பாறைக்கு முன்னால் முழங்காலிட்டார். தோட்டத்தில் சேசு ஜெபிக்கும்போது நீல இரவு இருக்க வேண்டும், ரத்தமாக வியர்க்கும்போது சிவப்பு வர வேண்டும். நான் விசையை ஏற்றினேன். சுருள் நீலத்திலிருந்து கிளம்பி, சிவப்பு தொடங்குகிற இடத்தில், நிஹால் ஒட்டிய ஒட்டில் சிக்கி, உறுமிக்கொண்டு நின்றது.

சிவப்புத் தாளுக்கு மேல் பச்சைத் தாள் வந்தால் வெளிச்சம் வெளியே வராது, இருட்டுதான் வரும். இதை நான் பலமுறை செய்து பார்த்திருக்கிறேன். அன்றைக்கு வெளிச்சம் வந்தது. என்ன நிறம் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள். மாங்கொழுந்து நிறம் என்றார் ஜெயமேரி. ஈரச் சிமெண்டு என்றார் சூசை. எனக்கு அது நிறமாகவே தெரியவில்லை, கண்ணுக்குள் யாரோ ஊதுகிற மாதிரி இருந்தது. அந்த வெளிச்சத்தில் பாறை தெரிந்தது, பாறையின் நிழல் தெரிந்தது, செருப்பு தெரிந்தது. ரொனால்டு தெரியவில்லை. அவர் எழுந்து போகவும் இல்லை.

அத்தா இதைப் பார்க்கவில்லை. அவர் ஜெனரேட்டர் பக்கம் இருந்தார். மோட்டார் உறுமினால் மெயினை அணைத்துவிட்டுத்தான் மற்றதைக் கேட்பார், அப்படியே செய்தார். பிறகு நேரே ஏணியில் ஏறிப் பெட்டியைக் கழற்றித் திறந்தார். மற்றவர்கள் கும்பிடுகிற இடத்தில் ஒட்டுப்போட்ட சாமானை மாட்டக் கூடாது என்பது அவர் தொழிலில் வைத்திருக்கிற ஒரே வைராக்கியம். எங்கள் பள்ளிவாசல் கந்தூரிக்குப் போகிற லைட்டில் ஒட்டு இருக்கும், வீட்டு விசேஷத்துக்குப் போவதில் ஒட்டுக்கு மேல் ஒட்டு இருக்கும். மாரியம்மன் கோயிலுக்கும் மாதா கோயிலுக்கும் மட்டும் எல்லாம் சுத்தமாகப் போக வேண்டும். ஒட்டைப் பார்த்ததும் அவருக்கு முகம் சிறுத்துவிட்டது.

"ஏலே, இது யாரு வீட்டு நட்சத்திரம்?" என்றார்.

"செவப்புதானத்தா."

"பச்சைடா. கேட்டுட்டு ஒட்டித் தொலைய மாட்டியா."

பச்சைத் தாளையும் அது ஒட்டியிருந்த சிவப்பு ஓரத்தையும் சேர்த்து வெட்டி, கஞ்சி காய்ச்சிய அடுப்பில் இருந்த கங்கில் போட்டார். அது சடசடவென்று எரிந்தது. ஜெனரேட்டர் வண்டியில் நிஹாலுக்குத் தெரியாமல் தனியாக வைத்திருந்த புதுச் சிவப்பை இணைத்தார். உருளைகளுக்கு எண்ணெய் விட்டார், தளர்ந்த ஸ்பிரிங்கை மாற்றினார், சுருளின் இடத்தைக் கண்டுபிடிக்கிற சின்னக் கண்ணாடியை ஸ்பிரிட்டால் துடைத்தார். மாட்டி ஓடவிட்டார். இனி பத்து வருசத்துக்குத் தொல்லை இல்லை என்று அவர் கீழே இறங்கியபோதுதான் சூசை மேடை நடுவிலிருந்து பேசினார்.

"பாய், லைட்டு கெடக்கட்டும். இப்ப நான் யாருக்கு முத்தங் குடுக்குறது?"

தேட வேண்டிய இடத்தில் எல்லாம் தேடினார்கள். கிணற்றில் ஆள் இறக்கினார்கள். மல்லிகைத் தோட்டத்தில் டார்ச்சோடு வரிசையாக நடந்தார்கள், மறுநாள் மொட்டில் பாதி மிதிபட்டுப்போனது. மினி லாரி வீட்டு வாசலிலேயே நின்றது. போலீசில் எழுதிக் கொடுத்தபோது காணாமல்போனவர் என்ன உடுத்தியிருந்தார் என்று கேட்டார்கள். வெள்ளை அங்கி, தோள்வரை முடி, தாடி, முள்முடி இன்னும் வைக்கவில்லை என்று சூசை விவரமாகச் சொன்னார். எழுதிக்கொண்டார்கள். சூசையிடமும் ஊரார் கேட்டார்கள். முதலில் சிரித்துக்கொண்டு கேட்டார்கள், செவ்வாய்க்கிழமை சாயங்காலத்துக்கு மேல் சிரிக்காமல் கேட்டார்கள். அவர் பாட்டிலைத் திறந்து தண்ணீரைக் குடித்துவிட்டு, எனக்கு இருக்குறது ஒரே மருமகன் என்று மட்டும் சொன்னார்.

அத்தாவுக்குக் கெட்டதைச் சரிசெய்யத் தெரியும். சரியாக இருப்பதைப் பழையபடி கெடுக்கத் தெரியவில்லை. புது ஸ்பிரிங்கைக் கழற்றிப் பழையதை மாட்டினார். துடைத்த கண்ணாடியில் அடுப்புக் கரியைத் தடவினார். சூட்டில் தாள் நெளியட்டும் என்று பெட்டியைக் குளிர்விக்கிற காற்றாடியின் ஒயரைப் பிடுங்கினார். கன்சோலிலிருந்து கட்டளை போகிற ஒயரை ஜெனரேட்டர் ஒயரோடு சேர்த்துக் கட்டினார். அப்படிக் கட்டினால் பைத்தியம் பிடித்த மாதிரி நிறம் மாறும் என்று எந்த லைட்டுக்காரரும் சொல்வார். நத்தத்தில் நின்றதை, ஆயக்குடியில் ஓடியதை, ஒவ்வொரு பழைய நோவையும் நினைவு வைத்து அதற்குத் திரும்பக் கொடுத்தார். அது ஒன்றையும் வாங்கிக்கொள்ளவில்லை. நீலம் என்றால் நீலம், சிவப்பு என்றால் சிவப்பு. ஜெயமேரி மேடையோரம் ஒரு பாயை விரித்து அங்கேயே இருந்தார். புதன்கிழமை அத்தா ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பாயின் மறுமுனையில் போய் உட்கார்ந்தார். நோன்பு திறக்க பாங்கு சொல்லியும் எழுந்திருக்கவில்லை. ஜெயமேரிதான் பேரீச்சம்பழத்தை எடுத்து அவர் கையில் வைத்தார்.

அன்றைக்கு நிஹால் என்னிடம் வந்து, அந்த நிறம் எப்படி இருந்தது என்று தனக்கு மட்டும் நன்றாகத் தெரியும் என்றான். பிறந்ததிலிருந்து மற்றவர்கள் சொல்கிற நிறங்களை அவன் நம்பித்தான் வந்திருக்கிறான். அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒரு நிறத்தை அவனே பார்த்தானாம். சுருளில் கோளாறு இல்லை, ஸ்பிரிங்கில் இல்லை, ஒட்டில்தான் இருக்கிறது, அதைத்தான் அத்தா எரித்துவிட்டார் என்றான். நட்சத்திரத்துக்கு இன்னும் நாலு கை பாக்கி இருந்தது. அவன் அடுத்த கையில் ஒரு துண்டு வெட்டி, சிவப்பின் ஓரத்தில் முன்பு வைத்த அதே இடத்தில் ஒட்டினான். இந்த முறை அத்தாவே ஒட்டுநாடாவைப் பிடித்துக்கொடுத்தார்.

எண்ணெய் விட்ட உருளையாதலால் சுருள் சிக்கவில்லை, வழுக்கிக்கொண்டு கடந்துவிட்டது. அது கடக்கிற நேரத்தில் ரொனால்டு இருந்தார். பாறைக்கு முன்னால், முழங்காலிடாமல், பஸ்ஸுக்கு நிற்கிறவர் மாதிரி இடுப்பில் கை வைத்து நின்றார். இமைக்கிற நேரம்தான். சிவப்பு வந்ததும் பாறை மட்டும் இருந்தது. நான் திரும்ப நீலத்துக்கு ஓட்டினேன். மறுபடியும் இருந்தார். இந்த முறை எங்கள் பக்கம் திரும்பியிருந்தார். ஜெயமேரி எழுந்து நின்று, "சாப்டியாய்யா?" என்றார். மூன்றாவது தடவை அவர் வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை.

குருத்தோலை ஞாயிறன்று பங்குச்சாமியார் தலையில் கைவைத்து ஆசீர்வதித்த வேஷத்தை அந்த ஊரில் மாற்றுவதில்லை. அதனால் அந்த வருடப் பாஸ்காவிலும் ரொனால்டுதான் சேசு. வசனம் எல்லாம் மார்ச் முதல் வாரமே ரெக்கார்டு செய்துவிட்டிருந்தார்கள், எந்த வருடமும் அப்படித்தான்; நடிக்கிறவர்கள் வாயை அசைத்தால் போதும். ரொனால்டு பாறை இருந்த இடத்தை விட்டு நகர முடியாது என்பதால் சேசுவை விசாரிக்கிற பிலாத்துவின் அரண்மனையையும் சிலுவை நடுகிற கொல்கொதா மலையையும் பாறைக்கே கொண்டுவந்தார்கள். ஸ்பீக்கரில் அவர் குரல் வரும்போதெல்லாம் நான் நீலத்துக்கும் சிவப்புக்கும் இடையே ஓட்டிக்கொண்டே இருந்தேன். இமைக்கு இமை அவர் தெரிந்து மறைந்தார். சிலுவையை நட்டபோது இரண்டு கையையும் அவராகவே விரித்தார். உயிர்ப்புக் காட்சிக்கு எந்த வேலையும் இருக்கவில்லை. தாடிக்கொம்பிலிருந்து வந்தவர்கள், இத்தனை வருடத்தில் இதுதான் நல்ல பாஸ்கா, ஆனால் சேசு கொஞ்சம் வேகமாகப் போய்விடுகிறார் என்றார்கள். சூசைக்கு முத்தம் கொடுக்க மட்டும் நேரம் வாய்க்கவில்லை. மூன்று தடவை முயன்று மூன்று தடவையும் காற்றில் கொடுத்தார்.

பிறகு வருடம் இரண்டு ஓடிவிட்டது. அத்தா அந்த லைட்டைத் திரும்ப எடுக்கவில்லை. மேடைக்கு மேல் ஊரே தகரக் கூரை போட்டுக் கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் பூசை முடிந்ததும் நானும் நிஹாலும் பைக்கில் போய் ஒருதடவை ஓட்டிவிட்டு வருவோம். ஜெயமேரி ஒரு வாரம் தாங்குகிற பண்டமாகப் பார்த்து, முறுக்கு, அதிரசம், எலுமிச்சை ஊறுகாய், சீடை என்று பாறை மேல் வைப்பார். நிறம் கடந்ததும் பாத்திரம் காலியாக இருக்கும், கழுவியும் இருக்கும். பெருநாளைக்கு எங்கள் வீட்டிலிருந்து பிரியாணி போகும். பூ லாரியைச் சூசை ஓட்டுகிறார். ரொனால்டுக்கு நிஜத் தாடி வளர்ந்துவிட்டதால் போன வருடம் ஒட்டுத் தாடி வாங்கவில்லை. ரேஷன் கார்டில் அவர் பேர் அப்படியே இருக்கிறது. ஊருக்குப் புதிதாக வாக்கப்பட்டு வருகிற பெண்களை முதல் ஞாயிறு கூட்டிவந்து, இதுதான் ரொனால்டு அண்ணன், ஒரு வணக்கம் சொல்லிக்க என்று காட்டுவார்கள்.

ஆனால் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பச்சை கொஞ்சம் வெளுக்கும். லைட்டின் சூடு அப்படி. வெளுத்த தாளில் ரொனால்டு வருவதில்லை, வெறும் சிவப்புதான் வருகிறது. அப்போது நட்சத்திரத்தில் இன்னொரு துண்டு வெட்டுவோம். அதே பச்சையைத் திண்டுக்கல்லில் வாங்கிப் பார்த்தோம், மதுரையில் வாங்கிப் பார்த்தோம், பழநியில் வாங்கிப் பார்த்தோம். எல்லாம் பச்சைதான், நல்ல பச்சை, எதிலும் அவர் இல்லை. போன ஞாயிறோடு கையில் இருந்ததும் வெளுத்துவிட்டது. நட்சத்திரத்தில் கடைசிக் கையின் நுனி மட்டும் பாக்கி, ஒரே ஒரு ஒட்டுக்குத்தான் வரும். நாளைக்குப் பாஸ்கா.

அந்த ஒரு ஒட்டை வைத்து ஓட்டிக்கொண்டிருக்காதே, அதன்மேலேயே நிறுத்து என்கிறார் அத்தா. நின்றதால்தான் போனான், நின்றால்தான் வருவான், சிக்கின இடத்தில்தான் அவிழ்க்க வேண்டும் என்கிறார். அசையாமல் நின்றால் சூட்டில் அந்தத் தாள் சில நொடியில் உருகிவிடும் என்பது அவருக்கும் தெரியும். நிஹால் வேண்டவே வேண்டாம் என்கிறான். அன்றைக்கு நின்றபோது அவர் போனார், ஓடும்போதெல்லாம் வந்தார், கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டு ஏன் கணக்குப் போட வேண்டும் என்கிறான். சூசை ஒரு பக்கமும் சேரவில்லை. ஓட்டினாலும் சரி, நிறுத்தினாலும் சரி, அந்த முத்தத்தை ஒருதடவை கொடுத்துவிட்டால் போதும் என்றார். அப்போதும் கையில் பாட்டில் இருந்தது.

எனக்குத் தெரிந்த ஒன்று அவர்கள் யாருக்கும் தெரியாது. விசை என் விரலில் இருப்பதால் எனக்கு மட்டும் தெரியும். வேகமாகக் கடந்தால் ரொனால்டு பக்கத்தில் இருப்பார், ஆனால் கலங்கலாக இருப்பார். மெதுவாகக் கடந்தால் தெளிவாக இருப்பார், தாடியில் ஒரு மயிர்கூடத் தெரியும், ஆனால் தள்ளி இருப்பார். இன்னும் மெதுவாக ஓட்டினால் இன்னும் தெளிவு, இன்னும் தூரம். போன ஞாயிறு முடிந்த மட்டும் மெதுவாக ஓட்டினேன். ஊசிமுனை அளவு தெளிவாக, பூந்தோட்டத்து வரப்பின் கோடியில் நிற்கிற ஆள் அளவுக்குச் சின்னதாக இருந்தார். தன் அம்மாவைப் பார்க்கவில்லை. பின்னால் யாரோ கூப்பிட்ட மாதிரி திரும்பி, அந்தப் பக்கம் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்ததும் விரல் தானாக மேலே ஏறிவிட்டது.

இன்றைக்குச் சாயங்காலம் ஜெயமேரி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். இதற்குமுன் பேகம்பூருக்கு அவர் வந்ததில்லை. எங்கள் அம்மா டீ கொடுத்தார், பெரிய வெள்ளிக்கு ஒருசந்தி என்று ஜெயமேரி வாங்கவில்லை. ஒரு மஞ்சப்பையில் ரொனால்டின் ரப்பர் செருப்பைக் கொண்டுவந்திருந்தார். நாளைக்கு மேடையில் வைக்கவா, வீட்டு வாசலில் வைக்கவா என்று என்னிடம் கேட்டார். என் கையை எடுத்து, எந்த விரல் தாயி என்று கேட்டார். வலது கை ஆள்காட்டி விரலைக் காட்டினேன். அதைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நீ எப்பிடிச் செஞ்சாலும் உன்னய ஒரு சொல்லு சொல்ல மாட்டேன்" என்றார். "ஆனா செய்யிறதுக்கு முந்தி எனக்கு மட்டும் சொல்லிரு."

சொல்கிறேன் பெரியம்மா என்று சொல்லி அனுப்பிவிட்டேன். எதைச் சொல்வது? நிறுத்தினால் ரொனால்டு இந்தப் பக்கம் நிற்பாரா, அந்தப் பக்கமே நின்றுவிடுவாரா?